பாதயாத்திரைப் பையும் நமது தராசும்



மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் ரெட்டியார்சத்திரம் வழியாகக் காவடிச் சிந்து கேட்கத் தொடங்கிவிடும். தைப்பூசம் நெருங்க நெருங்கத் திண்டுக்கல் - பழனி சாலை பச்சையும் காவியுமாக மாறும். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மதுரை என்று பல திசைகளிலிருந்தும் பாதயாத்திரை வரும் சாமிகள் எங்கள் ஊரைக் கடந்துதான் பழனி போகிறார்கள். நகரத்தார் சமூகத்தார் குன்றக்குடியிலிருந்து காவடி எடுத்து வருவது பல தலைமுறைகளாக நடந்துவரும் வழக்கம். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், மதுரையிலிருந்து என்றால் சுமார் 120 கிலோமீட்டர். மதுரைச் சாமிகள் எங்கள் ஊரை எட்டும்போது பாதிக்கு மேல் நடந்து முடித்திருப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. இதே சாலையில் மூலச்சத்திரம் இருக்கிறது, ஒட்டன்சத்திரம் இருக்கிறது. நடந்து போகிறவர்கள் தங்குவதற்காக ஏற்பட்ட ஊர்கள் என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஆகவே நடப்பவர்களுக்குச் சரக்கு விற்பது எங்களுக்குப் புதிய தொழில் அல்ல. ஆனால் அதைச் சரியாக விற்கக் கற்றுக்கொள்ள எங்களுக்கே நெடுநாள் பிடித்தது. அந்தப் பாடத்தைச் சக வணிகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஒரு பெரியவர் சொன்ன வார்த்தை

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. பூச சீசனுக்கென்று வழக்கமான மளிகைச் சரக்குடன், தோள்பை, கேன்வாஸ் ஷூ, செருப்பு ஆகியவற்றையும் மொத்தமாகக் கொள்முதல் செய்து கடை வாசலில் அடுக்கியிருந்தோம். விற்பனை அமோகம். நத்தம் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு பெரியவர், தேய்ந்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் புது ஷூ ஒரு ஜோடி வாங்கினார். அங்கேயே போட்டுக்கொண்டு, பழைய செருப்பை எங்கள் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நடந்தார். பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டோம். அதோடு மறந்தும் போனோம்.

இரண்டு மாதம் கழித்து அதே பெரியவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வலது காலில் கட்டு. ஒட்டன்சத்திரம் போவதற்குள் ஷூ கடித்துக் கொப்புளம் ஆகியிருக்கிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி; பாதத்தில் உணர்ச்சி குறைவு. அதனால் வலி தெரியவில்லை. ரத்தம் கசிந்து ஷூ நனைந்த பிறகுதான் கழற்றிப் பார்த்திருக்கிறார். புண் புரையோடி, கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. பழனி போய்ச் சேரவும் இல்லை.

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவரோ திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "முதலாளி, புதுசைப் போட்டுக்கிட்டு நடக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் என் பழசோடயே போயிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு வார்த்தை எங்களுக்குத் தெரியாததா? கடையில் நிற்கும் எடுபிடிப் பையனுக்குக்கூடத் தெரியும், புதுச் செருப்பு கடிக்கும் என்று. தெரிந்தும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு ஜோடி விற்காதே!

கேட்டதைக் கொடுப்பதுதான் வியாபாரமா?

இதைச் சொன்னபோது நமது நண்பர் ஒருவர், "நாம் என்ன வைத்தியரா? கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்குவதுதான் வியாபாரம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு அரிசி வாங்குபவர் சரியில்லை என்றால் மறுநாள் திருப்பிக் கொண்டு வருவார். பாதயாத்திரை போகிறவர் வாங்கிய சரக்கில் குறை தெரியும்போது அவர் நமது கடையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, இருட்டில், சாலையோரத்தில் நிற்பார். திருப்பித் தர முடியாத வாடிக்கையாளரிடம் நமக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு.

அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அரிசி நிறுக்கும் அதே தராசை வாசலில் வைத்து, நடக்கிற சாமிகளின் பையை இலவசமாக நிறுத்துச் சொல்கிறோம்.

நிறுத்துப் பார்த்தால் தெரியும் உண்மை

பெரும்பாலோர் தங்கள் பை எவ்வளவு கனம் என்று தெரியாமலே கிளம்பியிருக்கிறார்கள். "லேசான பைதான் சாமி" என்பார்கள். தராசில் வைத்தால் எட்டு கிலோ, ஒன்பது கிலோ காட்டும். ஒரு இளைஞருடைய பை 11 கிலோ இருந்தது. பிரித்துப் பார்த்தால் கனத்த கம்பளி ஒன்று, வெண்கல விளக்கு, மூன்று தேங்காய், மூன்று பாட்டில் தண்ணீர், இரண்டு கிலோ பொரிகடலையும் அவலும். அந்தப் பொரிகடலையும் அவலும் ஒரு மணி நேரத்துக்கு முன் எங்கள் கடையில் வாங்கியவை! அதில் முக்கால் பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். தேங்காய் பழனியிலும் கிடைக்கும் என்று சொன்னோம். விளக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பும்போது வாங்கிக்கொண்டார்.

கணக்கு இதுதான். நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் நடப்பவர் நாற்பதாயிரம் அடிகளுக்குக் குறையாமல் எடுத்து வைக்கிறார். பையில் ஒரு கிலோ கூடினால் அந்த நாற்பதாயிரம் அடியிலும் அந்த ஒரு கிலோ முழங்காலிலும் பாதத்திலும் இறங்கும். காலில் மாட்டுவதன் கனம் இன்னும் மோசம். முதுகில் ஒரு கிலோ சுமப்பதைவிடக் காலில் ஒரு கிலோ சுமப்பதற்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு சக்தி செலவாகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கனத்த பூட்ஸ் வாங்கினால் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மூன்று நான்கு நாள் நடைக்கு என்ன வேண்டும் என்று எங்கள் தராசிலேயே ஒரு மாதிரிப் பை கட்டிப் பார்த்தோம்.

பை: 400 கிராம்
பருத்திப் போர்வை: 600 கிராம்
தரையில் விரிக்க மெல்லிய தார்ப்பாய்: 300 கிராம்
மாற்று வேட்டி, சட்டை, துண்டு, உள்ளாடை: 600 கிராம்
தண்ணீர் ஒரு லிட்டர், பாட்டிலோடு: 1,050 கிராம்
தின்பண்டம்: 500 கிராம்
டார்ச், மருந்து, சோப்பு, சில்லறைச் சாமான்: 400 கிராம்
பூஜைப் பொருள்: 250 கிராம்

ஆக மொத்தம் 4 கிலோ 100 கிராம். ஐந்து கிலோவைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. குழுவாக வருபவர்களின் மூட்டை முடிச்சு வேனிலோ மாட்டு வண்டியிலோ வந்துவிடும். அவர்கள் தோளில் இரண்டு கிலோ போதும்.

குறைந்த சுமையோடு நெடுந்தூரம் நடக்க முடியும் என்பதற்கு வெளிநாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-இல் தமது 67-ஆவது வயதில், அப்பலாச்சியன் மலைப்பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். அவர் கொண்டுபோனது தாமே தைத்த ஒரு துணிப்பை, ஒரு போர்வை, மழைக்குக் குளியலறைத் திரைச்சீலை ஒன்று. காலில் சாதாரணக் கேன்வாஸ் ஷூ. துணி மூட்டையைத் தோளில் போட்டுப் பழனி நடந்த நமது பாட்டிமார்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

பை வாங்கும்போது பார்க்க வேண்டியது

மொத்தக் கொள்முதல் செய்யும் நாம்தான் முதலில் கவனிக்க வேண்டும். பை அறுவது துணியில் அல்ல. பட்டை தைத்த இடத்தில். பட்டை சேரும் இடத்தில் ஒற்றைத் தையலாக இருந்தால் வாங்காதீர்கள். முன்னும் பின்னுமாகக் குறுக்குத் தையல் போட்டிருக்க வேண்டும். நாங்கள் சாம்பிள் பைக்குள் பத்து கிலோ அரிசியைப் போட்டு ஒரு ராத்திரி கொக்கியில் தொங்கவிடுகிறோம். காலையில் தையல் பிரியாமல் இருந்தால்தான் ஆர்டர். பட்டை மூன்று விரல் அகலமாவது வேண்டும். மெல்லிய கயிறு தோளை அறுக்கும்.

ஜோல்னாப் பை ஒரு தோளிலேயே தொங்கினால் இடுப்பு ஒரு பக்கம் சாயும். அதை மார்புக்குக் குறுக்காக மாட்டி, மணிக்கொரு தரம் தோள் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு தோளிலும் மாட்டும் முதுகுப் பை அதைவிட நல்லது. கொடைக்கானல் மலைக்கு ஏறப் போகும் பிள்ளைகள் வைத்திருக்கும் பைகளில் இடுப்புப் பட்டை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரத்துக்கு அல்ல. அதை இறுக்கிக் கட்டினால் பாரத்தில் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்பெலும்புக்கு இறங்கிவிடும். கூடுதல் சுமை சுமப்பவர்களுக்கு அவசியம்.

அடுக்கும் முறை

லாரியில் சரக்கு ஏற்றும்போது கனமானதை அடியில் போடுகிறோம். முதுகுப் பைக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அடியில் போர்வையும் துணியும். அதன்மேல் தண்ணீர், தின்பண்டம் போன்ற கனமானவை முதுகை ஒட்டினாற்போல் நடுவில். மேலே அடிக்கடி எடுப்பவை. கனம் முதுகை விட்டு விலகினால் பை பின்னுக்கு இழுக்கும். ஆள் முன்னுக்குக் குனிவார். மாலையில் இடுப்புப் பிடித்துக்கொள்ளும்.

கற்பூரத்தைத் தனி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள். மளிகைக் கடைக்காரருக்குச் சொல்லவா வேண்டும்? கற்பூரத்தோடு வைத்த அவல் கற்பூரமாகத்தான் மணக்கும். தீப்பெட்டியும் கற்பூரமும் ஒரே பையறையில் இருக்கவும் கூடாது.

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். திறந்த வெளியில் படுப்பவருக்கு மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம். குளிர் தரையிலிருந்து ஏறும். மெல்லிய தார்ப்பாய் விரித்துப் பருத்திப் போர்வை போர்த்தினால் எங்கள் சமவெளிப் பனிக்குப் போதுமானது. கம்பளி விற்றால் லாபம் கூடுதல்தான். ஆனால் சுமப்பவர் அவர்.

தின்பண்டமும் தண்ணீரும்

வழியெல்லாம் அன்னதானம் நடக்கிறது. வயிறு காய வாய்ப்பில்லை. இரண்டு பந்தலுக்கு நடுவில் களைத்துப் போனால் வாயில் போட ஏதாவது இருந்தால் போதும். குறைந்த எடையில் நிறைந்த சக்தி தருவது எது என்று பாருங்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. அதே எடை அவலில் சுமார் 350. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை, கருப்பட்டி ஆகியவை கெடாது, நசுங்காது, சமைக்க வேண்டாம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. பெயர் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தேங்காய்ச் சட்னி, தயிர் சாதம் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லுங்கள். புளியோதரை ஒரு நாள் தாங்கும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று லிட்டரைச் சுமப்பதைவிட ஒரு பாட்டிலை மூன்று முறை நிரப்புவது புத்திசாலித்தனம். கடை வாசலில் நல்ல தண்ணீர் வைத்தால் பாட்டில் விற்பனை குறையும் என்று பயப்பட வேண்டாம். நிரப்ப வந்தவர் வெறுங்கையோடு போவதில்லை என்பது எங்கள் அனுபவம். தண்ணீர்ப் பாக்கெட்டும், பிளாஸ்டிக் பையும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை என்பதையும் மறக்க வேண்டாம். மஞ்சப்பை கொடுங்கள், மடித்தால் சட்டைப் பைக்குள் போகும்.

வியர்த்துக் களைத்தவர்கள் "ஓ.ஆர்.எஸ்." கேட்டால் கவனம் தேவை. அந்தப் பெயரைப் போட்டு இனிப்புப் பானங்கள் அட்டைப் பெட்டியில் வந்துகொண்டிருந்தன. உரிய அளவுப்படி தயாரிக்கப்படாத பானங்களில் அப்பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பழைய சரக்கு இருந்தால் ஒதுக்குங்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். பொடி மருந்துக் கடையில் கிடைக்கும். உறையில் சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அவசரத்துக்கு ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலை தட்டி அளந்து போட்டுக் கலக்கலாம். உப்புக் கூடிவிடக் கூடாது.

காலும் சாலையும்

கொப்புளத்துக்குக் காரணம் மூன்று: உரசல், ஈரம், சூடு. இரண்டு மூன்று வாரமாவது போட்டுப் பழகிய செருப்பு அல்லது ஷூவோடுதான் கிளம்ப வேண்டும். ஷூ போடுபவருக்கு இரண்டு ஜோடிக் காலுறை வேண்டும். ஒன்று காலில், ஒன்று பைமேல் காய. எரிச்சல் தெரிந்த உடனே உட்கார்ந்து அந்த இடத்தில் பேப்பர் டேப் ஒட்ட வேண்டும். பல நாட்களில் 250 கிலோமீட்டர் ஓடிய ஓட்டக்காரர்களை வைத்து நடத்தி, 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சாதாரண டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் குறைந்தது தெரிந்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் மலிவான சரக்கு இது. கொப்புளத் தோலைப் பிய்த்து எறியக் கூடாது.

வெறுங்காலோடு நடப்பது பலருக்கு வேண்டுதல். அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் "சர்க்கரை உண்டா சாமி?" என்று கேட்கலாம். உண்டு என்றால், கிளம்புமுன் டாக்டரிடம் பாதத்தைக் காட்டச் சொல்லலாம். ராத்திரி படுக்கும்போது பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கச் சொல்லலாம். ஒரு விரலைக் காப்பாற்ற இந்தக் கேள்வி போதும்.

வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் நடப்பவர்கள் அதிகம். லாரிக்காரர் கண்ணுக்குக் காவித் துணி இருட்டில் தெரியாது. நடைபாதை இருக்கும் இடத்தில் அதில்தான் நடக்க வேண்டும். இல்லாத இடத்தில் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஒளிரும் பட்டையைப் பையின் முன்பட்டையிலும் பின்புறத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு சுருள் பட்டையில் நிறையப் பைகளுக்கு ஒட்டலாம். நாங்கள் பை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒட்டி அனுப்புகிறோம். அந்தச் செலவை விளம்பரக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

லாபக் கணக்கு

இப்படியெல்லாம் செய்தால் நஷ்டம் வராதா என்று கேட்பீர்கள். ஷூ விற்பதை நாங்கள் சீசனில் நிறுத்திவிட்டோம். கம்பளி விற்பனையும் பாதியாகக் குறைந்தது. அது உண்மை. ஆனால் பை, காலுறை, டார்ச், தார்ப்பாய், கடலை மிட்டாய் இவற்றின் விற்பனை கூடியது. குழுத் தலைவர்கள் முன்கூட்டியே வந்து மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறார்கள். முன்பு சீசன் முடிந்தால் தேங்கிக் கிடக்கும் சரக்கு இப்போது தேங்குவதில்லை. ஆனாலும் லாபத்துக்காக இதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டோம். சொல்ல வேண்டிய வார்த்தையைச் சொல்லாமல் விட்ட கடை என்ற பெயர் மறுபடி வரக் கூடாது என்பதற்காகவே நாங்கள் செய்கிறோம்.

அந்தப் பெரியவர் இப்போது பஸ்ஸில்தான் பழனி போகிறார். சில ஆண்டுகளில் எங்கள் ஊரில் இறங்கிக் கற்பூரம் வாங்கிக்கொண்டு, தராசுப் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். காசு வாங்க எங்களுக்கு மனம் வருவதில்லை. அவர் கொடுக்காமல் போவதும் இல்லை.

வரும் தைப்பூசத்துக்கு இந்தச் சாலையோரக் கடைகள் ஒவ்வொன்றிலும் ஒரு தராசு வாசலில் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. பலகையில் இரண்டே வரி எழுதினால் போதும்: "பை இலவசமாக நிறுத்துத் தரப்படும். புதுச் செருப்போடு நடக்காதீர்கள்." நமது சங்க உறுப்பினர்கள் இதைச் செய்து பார்த்து, தங்கள் அனுபவத்தையும் இந்த இதழுக்கு எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.